குழந்தைக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று

(சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டித் தில்லியில் நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)





எனக்கு முன் பேசிய அறிஞர் இருவரும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் பேசி, உங்கள் உள்ளங்களை உயர்ந்ததோர் இடத்திலே நிறுத்திச் சென்றிருக்கிறார்கள். நானோ அங்கிருந்து உங்களைக் கீழே இறக்கி, ஒரு சிறு விளையாட்டுச் சக்கரத்தின் அருகிலே அமர்த்தப் போகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன். என் பேச்சின் பொருள் யாது என்று நம் செயலாளர் தொலைபேசியிலே கேட்டபோது, "யோ-யோ" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதற்குத் தமிழ் என்ன ஐயா? அழைப்பிதழில் போடவேண்டுமே" என்றார். "தமிழ் பின்னால் வரும், முதலிலே சக்கரம் மேலே வரட்டும்" என்று சொல்லி வைத்தேன். அவ்வாறு ஏன் சொன்னேன் என்பதை இறுதியிலே கூறுகிறேன்.

தில்லியிலே நவம்பர் மாதம் எவ்வாறு கழிகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் காற்று மாசுபட்டதனால் பள்ளிகளைச் சில நாள்கள் மூடினார்கள். அல்லது வகுப்பை வீட்டிற்குள்ளேயே கணினி வழியாக நடத்தினார்கள். அந்நாள்களில் குழந்தை வெளியே சென்று ஆட இயலாது. வீட்டிற்குள் அதற்குக் கிடைப்பதோ கைப்பேசி ஒன்றுதான். ஏழு வயது நிரம்பிய என் மகனும் அவ்வாறே முடங்கிக் கிடந்தான்.

இன்னொரு குறையும் இருந்தது. அதனைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. நான் தமிழிலே கேட்டால் அவன் இந்தியிலே விடையளிப்பான். தப்பித் தவறித் தமிழிலே ஒரு வாக்கியம் வந்துவிட்டால், நான் உடனே ழகரத்தைத் திருத்துவேன்; விகுதியைத் திருத்துவேன். திருத்தத் திருத்த அவன் பேச்சுத் திருந்தவில்லை, குறைந்தது. என் இந்தியைத் திருத்துகிறவனாக அவனும், அவன் தமிழைத் திருத்துகிறவனாக நானும் இருந்தோமேயன்றி, இருவரும் சேர்ந்து செய்யும் செயல் என்று வீட்டிலே ஒன்றும் இருக்கவில்லை.

இந்நிலையிலேதான் ஒரு நாள் அவனுக்கு ஒரு யோ-யோ வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். சிறுவயதிலே தஞ்சை மாவட்டத்துத் தெருப் புழுதியிலே பம்பரம் சுழற்றியவன் நான். சக்கரமும் கயிறும் எனக்குப் புதியனவல்ல என்னும் செருக்கு இருந்தது. கடையிலே இருந்தவற்றுள் மிகவும் பளபளப்பானது எதுவோ, மிகவும் விலையுயர்ந்தது எதுவோ, அதனையே எடுத்தேன். அலுமினியத்தாலானது, நீல நிறம், கையிலே எடுத்தால் தங்கக் காசுபோல் கனத்தது. வீட்டிற்கு வந்து மகன் அதனைக் கீழே வீசினான். மிக அழகாகச் சுழன்றது. ஆனால் மேலே வரவில்லை. இழுத்தான், வரவில்லை. நான் வாங்கி வீசினேன், எனக்கும் வரவில்லை. "கெட்டுப்போனதை வாங்கி வந்துவிட்டீர்கள்" என்று இந்தியிலே சொல்லி அழுதுவிட்டான்.

நான் எளிதில் விடவில்லை. எண்ணெய் போட்டால் சரியாகும் என்று கருதி, அடுக்களையிலிருந்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அதன் அச்சிலே விட்டேன். தில்லிக் குளிரிலே தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். மறுநாட்காலை அது அச்சுக்குள்ளே வெண்ணெய்போல் உறைந்திருந்தது. வியப்பு என்னவென்றால், அன்று அந்தச் சக்கரம் பாதித் தூரம் மேலே ஏறி வந்தது! என் பொறியியல் அறிவே அதற்குக் காரணம் என்று அன்று முழுவதும் பெருமிதத்தோடு இருந்தேன். உண்மை அதுவன்று என்பதைப் பின்னர்க் கற்றேன். அப்படிக் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

யோ-யோவின் அமைப்பு எளிது. இரண்டு வட்டத் தட்டுகள். அவற்றை இணைக்கும் ஓர் அச்சு. அச்சிலே மாட்டிய நூல். பம்பரத்திலே கயிறு கழன்று கையோடு நின்றுவிடுகிறது; பம்பரம் தனியே ஆடுகிறது. யோ-யோவிலே நூல் கழல்வதில்லை. நூலை அச்சிலே இறுகக் கட்டிவிட்டால், கீழே விழுந்த சக்கரம் தான் பெற்ற சுழற்சியினாலேயே நூலை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு உடனே மேலேறிவிடும். கட்டாமல், ஒரு வளையமாக மட்டும் அச்சிலே மாட்டினால், சக்கரம் நூலின் அடியிலே நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். எங்கள் ஊரிலே பம்பரம் ஓரிடத்திலே அசையாமல் நின்று சுழலும்போது, "தூங்குகிறது" என்போம். யோ-யோ ஆடுகிறவர்களும் இதனை உறக்கம் என்றே சொல்கிறார்கள். உறங்கும் சக்கரத்தை எழுப்ப, கையை மெல்ல ஒருமுறை வெட்டி இழுக்கவேண்டும். அந்த நொடியிலே நூல் தளர்ந்து, தட்டுகளின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு சுற்றத் தொடங்கும். சக்கரம் கைக்கு வந்து சேரும்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதிலேதான் வகைகள் பிரிகின்றன. ஒரு வகை, மெல்ல இழுத்தாலே திரும்பிவிடும். பெட்டியின்மேல் அதனை "ரெஸ்பான்சிவ்" என்று பொறித்திருப்பார்கள். மற்றொரு வகை "அன்ரெஸ்பான்சிவ்". அது எவ்வளவு இழுத்தாலும் வராது. நூலை மடித்துச் சக்கரத்திற்குள்ளே செலுத்தும் ஒரு தனி வித்தையினாலேயே அதனை வரவழைக்க இயலும். போட்டிகளிலே நீண்ட நேரம் நூலின்மேல் சக்கரத்தை ஆடவிடுகிற வல்லவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. நான் வாங்கியது இந்த இரண்டாம் வகை. நீந்தத் தெரியாத குழந்தையை ஆழ்கடலிலே இறக்கியதற்கு ஒப்பான செயல்! என் தேங்காய் எண்ணெய் உறைந்து பேரிங்கை இறுக்கியதனாலேதான் பிடிப்பு மிகுந்து, சக்கரம் பாதி ஏறிற்று. ஆகவே முதல் அறிவுரை இது: தொடங்குகிறவர்க்கு, அவர் சிறியவராயினும் பெரியவராயினும், இழுத்தால் திரும்பும் வகையே வேண்டும்.

அவ்வகைக்குள்ளும் மூன்று உண்டு. ஒன்று, அச்சு சுழலாத பழைய முறை. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலே கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் மரப் பொம்மைகளை நீங்கள் அறிவீர்கள். அம்மாதிரியான மரச் சக்கரங்கள் பெரும்பாலும் இம்முறையின. நூலின் வளையத்தை அச்சிலே இருமுறை சுற்றி மாட்டினால் உறங்காமல் உடனே திரும்பும். ஒருமுறை மாட்டினால் சிறிது உறங்கும். ஐந்து வயதுக் குழந்தை மேலும் கீழும் ஆட்டி மகிழ இது போதும்.

இரண்டாவது, தானே திரும்பும் முறை. இதனுள்ளே சிறு எடைகளும் வில்கம்பிகளும் இருக்கின்றன. வேகமாகச் சுழலும்போது எடைகள் வெளிப்புறம் விலகி அச்சை விடுவிக்கும். வேகம் குறைந்ததும் வில்கம்பிகள் அவற்றை உட்புறம் தள்ளி அச்சைப் பற்றச் செய்யும். உடனே சக்கரம் மேலேறும். ஆறு ஏழு வயதுக் குழந்தைக்கு முதல் நாளிலேயே வெற்றி கிடைக்கும். ஆனால், எப்பொழுது எழுப்புவது என்னும் முடிவைக் குழந்தையின் கை எடுப்பதில்லை, பொறியே எடுத்துவிடுகிறது. எனவே கற்க விழைகிற குழந்தைக்குச் சில மாதங்களுக்குள் இது சலித்துவிடும்.

மூன்றாவது, ஒடுங்கிய பேரிங் பொருத்திய பிளாஸ்டிக் சக்கரம். நன்றாக உறங்கும், இழுத்தால் எழும். சிலவற்றிலே ஒடுங்கிய பேரிங், அகன்ற பேரிங் ஆகிய இரண்டையுமே பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். முதலிலே ஒடுங்கியதைப் பொருத்திப் பழகலாம். தேர்ச்சி வந்தபின் அகன்றதை மாட்டினால் அதுவே போட்டியாளரின் சக்கரமாக மாறும். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும், உடன் கற்கும் பெற்றோர்க்கும் நான் பரிந்துரைப்பது இதுவே. பொதுவாக இதன் விலை சில நூறு ரூபாய்தான்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். இரு தட்டுகளும் வெளிப்புறம் விரிந்து வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் இருப்பது ஒரு வடிவம். இடைவெளி அகன்றிருப்பதால், சுழலும் சக்கரத்தை நூலின்மேல் தாங்குவது எளிது. விளிம்பு உட்புறம் குவிந்திருப்பது பழைய வடிவம். முன்னும் பின்னும் வளையமிட்டு வீசுவதற்கு அது ஏற்றது. தொடங்குகிறவர்க்கு இரண்டும் பொருந்தும். நூல் விளையாட்டுக் கற்கும் ஆசை இருந்தால் வண்ணத்துப்பூச்சியே நன்று. எடை ஏறத்தாழ 50 முதல் 65 கிராமுக்குள் இருப்பது இயல்பு. உலோகச் சக்கரத்தைச் சிறு குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அது நெற்றியிலே பட்டால் பிளாஸ்டிக்கைப்போல் மன்னிக்காது.

எல்லாவற்றினும் முக்கியமானது நூல். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பெட்டியிலே வரும் நூல் வளர்ந்தவருக்குரிய நீளம். அதனை அப்படியே ஏழு வயதுப் பிள்ளையின் விரலிலே மாட்டினால் சக்கரம் தரையிலே மோதும். பிள்ளை தன் கையே ஆகாத கை என்று எண்ணிக்கொள்ளும். சக்கரத்தைத் தரையிலே வைத்து, நூலை நேராக மேலே பிடித்து, குழந்தையின் தொப்புள் அளவிலே விரல் வளையத்திற்கான முடிச்சைப் போட்டு, எஞ்சியதை வெட்டிவிடுங்கள். குழந்தை வளர வளர நூலையும் நீட்டிக்கொள்ளலாம். வளையத்தைச் சுருக்கு முடிச்சாக இட்டு, நடுவிரலின் முதற்கணுவிற்கும் இரண்டாங்கணுவிற்கும் இடையே மாட்டவேண்டும். நூல் பிசிறு தட்டினால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். ஆட்டத்திலே அறுந்தால் சக்கரம் எங்கே பாயும் என்று சொல்ல இயலாது.

காப்பைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள். 2021ஆம் ஆண்டு சனவரி முதல், நம் நாட்டிலே விற்கும் விளையாட்டுப் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும் என்பது சட்டம். அதனைப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், கழற்றிப் பூட்டும் சக்கரத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். பேரிங்கும் திருகாணியும் வாய்க்குள் போகத்தக்க அளவின. மூன்றாவது, ரப்பர்போல் நீளும் கயிற்றிலே நீர் நிறைந்த மெல்லிய பந்தைக் கட்டி, அதனையும் யோ-யோ என்றே விற்கிறார்கள். அது யோ-யோ அன்று. அக்கயிறு கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் இடர் உடையது. அதனாலேயே பிரிட்டன் 2003ஆம் ஆண்டிலே அதன் விற்பனையைத் தடை செய்தது. அதனை வீட்டிற்குள் விடாதீர்கள்.

இவற்றையெல்லாம் கற்று, இம்முறை சரியான சக்கரத்தை வாங்கச் சென்றேன். அங்கே எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வாங்கினேன். ஒரே வகை, ஒரே விலை. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நிறத்தை அவனே தேர்ந்தெடுத்தான். எஞ்சியது எனக்கு.

இரண்டு வாங்கியதன் பயன் என்னவென்று கேட்பீர்கள். ஒன்றே இருந்தால் தந்தை ஆசிரியராகிவிடுகிறார். "இப்படிப் பிடி, அப்படி வீசு" என்று கட்டளை பிறக்கிறது. பிள்ளையின் கையிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கி, "நான் காட்டுகிறேன் பார்" என்கிறோம். இரண்டு இருந்தாலோ, இருவரும் மாணவர். ஒரு வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் தோற்றோம். என் சக்கரம் நாற்காலியிலே மோதிற்று. அவனுடையது அவன் முழங்காலிலே மோதிற்று. நான் தோற்பதை அவன் முதன்முதலாகப் பார்த்தான். அவன் முகத்திலே அப்போது தோன்றிய மலர்ச்சியை எந்த விலை கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

அந்நாள்களிலே எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலே குடியிருக்கும் மூதாட்டியார் ஒருவர் மேலே வந்தார். மதுரா பக்கத்தைச் சேர்ந்தவர். என் மகன் அவரைத் தாதி என்று அழைப்பான். எங்கள் சக்கரங்களைப் பார்த்து, "இது சக்ரி அல்லவா! எங்கள் ஊர்த் தச்சர் மரத்திலே கடைந்து கொடுப்பாரே" என்றார். மகனுடையதை வாங்கி, நின்றபடியே மேலும் கீழும் நான்கு முறை ஆட்டிக் காட்டினார். நாங்கள் வெளிநாட்டுப் பொருள் என்று எண்ணியிருந்ததை அவர் தம் பிள்ளைப் பருவத்துப் பொருளாக அறிந்திருந்தார். பின்னர் நான் தேடிப் பார்த்தேன். சூர்தாசரின் விரசமொழிப் பாடலிலே, வீதியில் விளையாடப் புறப்படும் கண்ணன் பம்பரத்தோடு இந்த நூற்சக்கரத்தையும் கையிலே ஏந்தி வருகிறான். 1770ஆம் ஆண்டளவிலே இராசத்தானப் பகுதியில் தீட்டப்பட்ட சிற்றோவியம் ஒன்றிலே ஒரு மங்கை இதனை ஆடுகிறாள். கிரேக்க நாட்டிலே ஏறத்தாழ கி. மு. 440இல் செய்த மட்கலம் ஒன்றிலே ஒரு சிறுவன் ஆடுவது தீட்டப்பட்டிருக்கிறது. அக்கலம் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

யோ-யோ என்னும் பெயரோ பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய பெத்ரோ புளோரஸ் என்பவர், 1928ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில், தம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் சக்கரத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். நூலைக் கட்டாமல் வளையமாக மாட்டும் உறக்க முறையை அந்நாட்டிற்கு அறிமுகம் செய்தவர் அவரே. பின்னர் டங்கன் என்னும் வணிகர் அத்தொழிலை வாங்கினார். பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் பலர் கடைக்குக் கடை சென்று ஆடிக் காட்டினர். யோ-யோ என்பது தமக்கே உரிய வணிகப் பெயர் என்று டங்கன் நிறுவனத்தார் வழக்காடியபோது, அது பொருளுக்குரிய பொதுப்பெயரே என்று 1965ஆம் ஆண்டிலே அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் விட்டு ஊர் வந்த ஒருவர் தம் குழந்தைப் பருவத்து ஆட்டத்தைப் புதிய ஊரார் கையிலே கொடுத்தார். அவர் மொழிச் சொல் உலகத்தின் சொல்லாயிற்று. குடிபெயர்ந்து வந்த நாம் இதனைச் சிந்திக்கலாம்.

இனி, வீட்டிற்குச் சென்று தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரப் பாடம். கையெட்டும் தொலைவிலே மேலும் பின்னும் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். முதல் இரண்டு நாள்களிலே வீச்சே வேண்டா. சக்கரத்தைத் தானாக விழவிட்டு, அடியைத் தொடும் வேளையிலே மெல்ல இழுத்துப் பழகுங்கள். பிறகு உள்ளங்கை மேல்நோக்க, நூல் சக்கரத்தின் உச்சி வழியாக வரும்படி பிடித்து, முழங்கையை மடக்கி, தசையைக் காட்டுகிறவர்போல் நின்று, விரல் நுனியிலிருந்து உருண்டு விழுமாறு வீசுங்கள்; உடனே கையைத் திருப்பிக் கொள்ளுங்கள். வலிமையைவிட நேரான வீச்சே பெரிது. நூல் முறுக்கேறினால் சக்கரத்தைச் சும்மா தொங்கவிடுங்கள், தானே முறுக்கவிழும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை "இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் வாரத்திலே ஒரு மாலை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு கூவல் எழுந்தது: "அப்பா! அப்பா! என்னுது தூங்குது!"

ஓடிச் சென்று பார்த்தேன். சிவப்புச் சக்கரம் நூலின் அடியிலே அசையாமல் நின்று சுழன்றுகொண்டிருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பம்பரத்தைப் பற்றி நான் எப்பொழுதோ சொன்ன சொல்லை, யாரும் கேளாமலே, யாரும் திருத்தாமலே, அவன் தமிழிலே சொல்லிவிட்டான். அதிலே இலக்கணம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பிறகு அவன் எனக்குக் கற்பிக்கத் தொடங்கினான். "அப்பா, கையை ரொம்ப வேகமா இழுக்காதீங்க. மெதுவா." அதுவும் தமிழிலேதான். எனக்குச் சொல்லவேண்டியிருந்ததால் அவனுக்குச் சொல் வேண்டியிருந்தது, வேண்டியிருந்ததால் வந்தது. நூலை முக்கோணமாக மடித்து நடுவிலே சக்கரத்தை ஆட்டும் வித்தைக்கு அவனே "தொட்டில்" என்று பெயர் வைத்திருக்கிறான்.

செயலாளர் அவர்களே, யோ-யோவிற்குத் தமிழ் என்ன என்று கேட்டீர்கள். அச்சக்கரத்திற்குரிய தமிழ் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் அது எங்கள் வீட்டிற்குக் கொண்டுவந்த தமிழ் இவ்வளவு.

அந்த நீல அலுமினியச் சக்கரம் இன்னும் அலமாரியிலேதான் இருக்கிறது. பேரிங்கிலிருந்த எண்ணெயைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதற்குரிய நாள் வரும். அநேகமாக என் கையிலன்று, அவன் கையிலே. அதுவரையிலே எங்களுக்குச் சிவப்பும் பச்சையும் போதும். ஆகையால் உங்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: எளியதை வாங்குங்கள், திரும்பி வருவதை வாங்குங்கள், நூலைக் குழந்தையின் அளவுக்கு வெட்டுங்கள், மறவாமல் இரண்டாக வாங்குங்கள்.

முன்வரிசைச் செல்வங்கள் சிலர் என் சட்டைப்பையையே நோக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆம், கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வெளித்திண்ணைக்கு வாருங்கள். பெற்றோரையும் அழைத்து வாருங்கள். ஆடிக் காட்டப்போகிறவன் நான் அல்லன், என் மகன்.